மூன்று பூட்டுப் பெட்டி: தொழிற்சங்கம் எப்படிப் பிறந்தது?

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மார்க்கெட்டுக்குப் போனால் கீரை மலிவாகக் கிடைக்கும். காலையில் ஒரு கட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் குறைக்காத அம்மா, இருட்டியதும் "ரெண்டு கட்டா எடுத்துக்க, ஒரு கட்டுக் காசு குடு போதும்" என்பார். ராத்திரி தாண்டினால் கீரை வாடிவிடும் என்று அவருக்குத் தெரியும். வாங்க வந்தவருக்கும் தெரியும். அடுத்த கடையில் அரிசி விற்பவருக்கு இந்த அவசரம் கிடையாது. விலை படியாவிட்டால் மூட்டையை உள்ளே தள்ளிவிட்டு அடுத்த வாரம் விற்றுக்கொள்வார்.

தொழிற்சங்கம் ஏன் தோன்றியது என்பதை இந்தக் கீரைக் கட்டிலிருந்தே தொடங்கலாம். உழைப்பும் கீரை மாதிரிதான். இன்றைக்கு விற்காத உழைப்பை எடுத்து வைத்து நாளைக்கு விற்க முடியாது. வேலைக்குப் போகாத நாளின் கூலி போனது போனதுதான். முதலாளிக்குக் கிடங்கில் சரக்கு இருக்கும், கையில் பணம் இருக்கும். ஒரே ஒரு ஆள் "இந்தக் கூலிக்கு வரமாட்டேன்" என்று சொன்னால் அவர் வாசலில் நிற்கும் அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொள்வார். ஆடம் ஸ்மித் இதை 1776இலேயே கவனித்து எழுதியிருக்கிறார்: ஒரு வேலையாள்கூட இல்லாமல் முதலாளி ஓரிரு ஆண்டு ஓட்டிவிடலாம், வேலையில்லாவிட்டால் பல தொழிலாளிகளால் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. பேரம் என்று வந்துவிட்டால், யாரால் அதிக நாள் காத்திருக்க முடியுமோ அவர் பக்கம்தான் விலை சாயும்.

பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டுத் தொழிலாளிகள் அந்தக் காத்திருக்கும் பலத்தைப் பென்னி பென்னியாகச் சேர்த்தார்கள். ஆலைத் தொழில் முதலில் வேரூன்றியது அங்கேதான். அதனால் சங்கங்கள் சட்டத்தோடு மோதி இடம்பிடித்த கதையும் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. படிக்கும்போது பணக் கணக்கு ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: அன்றைக்கு 12 பென்ஸ் (ஒன்றே ஒன்று என்றால் பென்னி) ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.

சங்கம் என்றவுடன் புகைபோக்கியும் பெரிய ஆலையும் நினைவுக்கு வரும். ஆனால் முதலில் கூடியவர்கள் ஆலைக்காரர்கள் இல்லை. தையல்காரர்கள், தொப்பி செய்பவர்கள், அச்சுக்கோப்பவர்கள், தச்சர்கள் என்று கைத்தொழில் பழகியவர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே மதுக்கடை மாடிகளில் கூடினார்கள். ஒரு மரப்பெட்டி வைத்திருப்பார்கள். வாரம் ஆளுக்குச் சில காசு அதில் விழும். யாராவது படுத்துவிட்டால், வேலை போய்விட்டால், செத்துப்போனால் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். இந்த மாதிரி உதவிச் சங்கங்கள் பலவற்றில் பெட்டிக்கு மூன்று பூட்டு இருந்தது. மூன்று சாவியும் மூன்று பேர் கையில். மூவரும் சேர்ந்து வந்தால்தான் பெட்டி திறக்கும். வங்கிக் கணக்கு என்பதையே பார்த்திராத மனிதர்கள் ஒருவரையொருவர் நம்பக் கண்டுபிடித்த வழி அது. என்னைக் கேட்டால், தொழிற்சங்க வரலாற்றில் கொடிகளைவிட முக்கியமான பொருள் அந்தப் பெட்டிதான்.

ஆலை வந்த பிறகு எல்லாம் மாறியது. வீட்டில் தறி போட்டிருந்த நெசவாளி திங்கட்கிழமை கொஞ்சம் சோம்பல் முறித்துவிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க உட்கார்ந்து நெய்யலாம். வட இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலையில் அது நடக்காது. மணி அடித்ததும் உள்ளே இருக்க வேண்டும். நீராவி எஞ்சின் ஓடும் வரை அதோடு சேர்ந்து ஓட வேண்டும். 12 மணி நேரம், 13 மணி நேரம் என்பது சாதாரணம். தாமதத்துக்கு அபராதம், ஜன்னலைத் திறந்தால் அபராதம், பேசினால் அபராதம். சில ஆலைகளில் காலையில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தார்கள், மாலையில் பின்னே தள்ளி வைத்தார்கள் என்று தொழிலாளிகள் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைகளும் உள்ளே இருந்தார்கள். 1833ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோதுதான் பெரும்பாலான நெசவு, நூற்பாலைகளில் 9 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைப்பது தடையானது. அதைக் கண்காணிக்க நாடு முழுவதற்கும் நியமிக்கப்பட்ட ஆய்வாளர்கள் நான்கே பேர்.

சரி, ஒருவர் தனியாகப் பேசினால் வேலை போகும். எல்லோரும் சேர்ந்து பேசினால்? அங்கேதான் சட்டம் குறுக்கே நின்றது. பிரெஞ்சுப் புரட்சியைப் பார்த்து மிரண்டுபோயிருந்த அரசு, 1799இலும் 1800இலும் கூட்டுச் சேர்க்கைத் தடைச் சட்டங்களைக் கொண்டுவந்தது. கூலியை உயர்த்தவோ வேலை நேரத்தைக் குறைக்கவோ தொழிலாளிகள் கூடிப் பேசினாலே குற்றம். மூன்று மாதம் வரை சிறை. 1800ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிகளும் கூட்டுச் சேரக்கூடாது என்றது. ஆனால் அவர்களுக்குத் தண்டனை அபராதம் மட்டும்தான், அதுவும் நடைமுறைக்கு வரவே இல்லை என்று சொல்லலாம். கூடிப் பேச வழியில்லாத இந்தக் காலத்தில்தான், 1811 முதல் நாட்டிங்காம்ஷயரில் தொடங்கி, இரவில் இயந்திரங்களை உடைக்கும் லட்டைட் கலகம் பரவியது. இயந்திரத்தை உடைத்தால் தூக்கு என்று 1812இல் சட்டம் போட்டார்கள், தூக்கிலும் போட்டார்கள்.

தடையை நீக்கப் பாடுபட்டவர்களில் பிரான்சிஸ் பிளேஸ் என்ற லண்டன் தையல்காரர் முக்கியமானவர். இளமையில் தோல் காற்சட்டை தைக்கும் தொழிலாளியாக இருந்து, 1793இல் ஒரு வேலைநிறுத்தத்தில் சேர்ந்ததால் மாதக்கணக்கில் யாரும் வேலை கொடுக்காமல் குடும்பத்தோடு பட்டினி கிடந்தவர். பிறகு சொந்தக் கடை வைத்து வசதியானார், பழையதை மறக்கவில்லை. ஜோசப் ஹியூம் என்ற நாடாளுமன்ற உறுப்பினரோடு சேர்ந்து 1824இல் தடைச் சட்டங்களை நீக்க வைத்தார். உடனே ஊருக்கு ஊர் வேலைநிறுத்தம் வெடிக்க, அரசு பயந்து 1825இல் வேறொரு சட்டம் போட்டது: கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும் சங்கம் வைக்கலாம், ஆனால் யாரையும் தடுக்கவோ தொந்தரவு செய்யவோ கூடாது. 'தொந்தரவு' என்றால் என்ன என்பதை நீதிபதி தீர்மானிப்பார். அந்த ஒரு சொல் அடுத்த ஐம்பது வருஷம் தொழிலாளிகளைப் பாடாய்ப் படுத்தியது.

ஆறு பேர், ஒரு பென்னி

இந்தக் கதையில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் டால்படில். தெற்கு இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் சின்னக் கிராமம். ஆலை எதுவும் இல்லை. அங்கே இருந்தவர்கள் விவசாயக் கூலிகள். வாரக் கூலி 9 ஷில்லிங்காக இருந்தது 8 ஆனது, 7 ஆனது. அடுத்து 6 ஆகப்போகிறது என்று பேச்சு. ஏழு ஷில்லிங்கிலேயே குடும்பம் நடத்த முடியாமல் தவித்தவர்கள் 1833இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். முன்னால் நின்றவர் ஜார்ஜ் லவ்லெஸ், உழவு வேலை செய்துகொண்டே மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்தவர்.

தாமஸ் ஸ்டான்ட்ஃபீல்ட் என்பவரின் குடிசை மாடியில் கூடினார்கள். புதிதாகச் சேருபவரின் கண்ணைக் கட்டி உள்ளே கூட்டிக்கொண்டு போவார்கள். மண்டியிட்டு, சங்க ரகசியத்தை வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். கட்டை அவிழ்த்தால் எதிரே ஓர் எலும்புக்கூட்டின் படம். இப்போது நாடகம் போலத் தோன்றலாம். ஆனால் பெயர் வெளியே தெரிந்தால் பண்ணையில் வேலை கிடையாது, வீடும் கிடையாது என்றிருந்த காலத்தில், வாயைக் கட்டிவைக்க அவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான். சேர ஒரு ஷில்லிங். அப்புறம் வாரம் ஒரு பென்னி. எதற்கு அந்தப் பென்னி? வேலையை விட்டு நிற்கும் நாட்களில் உறுப்பினர்களைத் தாங்க. அந்த மூன்று பூட்டுப் பெட்டியின் அதே யோசனை, ஓர் ஏழைக் கிராமத்தில்.

1834 பிப்ரவரி 24, விடியற்காலை. ஆறு பேரைக் கைது செய்து ஏழு மைல் தள்ளியிருக்கும் டார்செஸ்டருக்கு நடத்திக்கொண்டு போனார்கள். சங்கம் வைப்பது அப்போது குற்றமில்லை. அதனால் வேறொரு சட்டத்தைத் தேடிப் பிடித்தார்கள்: கடற்படைக் கலகத்தை அடக்க 1797இல் போட்ட, ரகசியச் சத்தியத்துக்கு எதிரான சட்டம். நீதிமன்றத்தில் லவ்லெஸ் எழுதிக் கொடுத்ததன் சாரம் இது: நாங்கள் யாருடைய பெயருக்கும் உடலுக்கும் சொத்துக்கும் கெடுதல் செய்யவில்லை; எங்கள் மனைவி மக்களை அடியோடு சீரழிவிலிருந்தும் பட்டினியிலிருந்தும் காப்பாற்றவே ஒன்றுசேர்ந்தோம். தண்டனை, ஏழு ஆண்டு நாடுகடத்தல். கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். வாரம் ஒரு பென்னி சேர்த்ததற்கு!

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் மனசு நிறைகிறது. ஏப்ரல் 21ஆம் தேதி லண்டன் கோப்பன்ஹேகன் ஃபீல்ட்ஸ் மைதானத்தில் பல்லாயிரக்கணக்கான தொழிலாளிகள் கூடி, கையெழுத்திட்ட மனுவை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். கணவன்மாரை இழந்து நின்ற குடும்பங்களுக்கு உள்ளூர் ஏழைகள் நிவாரணம் மறுக்கப்பட்டது. நாடெங்கும் தொழிலாளிகள் திரட்டிய நிதிதான் அவர்களைக் காப்பாற்றியது. 1836இல் ஆறு பேருக்கும் முழு மன்னிப்பு வந்தது. ஊர் திரும்ப இன்னும் ஒன்று முதல் மூன்று வருஷம் ஆனது. அவர்களில் ஜேம்ஸ் ஹேமெட் மட்டுமே டால்படிலில் தங்கி வாழ்ந்தார்; 1891இல் டார்செஸ்டர் ஏழையர் விடுதியில் இறந்தார். மற்ற ஐந்து பேரும் பின்னர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

இடையில் சாசன இயக்கம் என்ற பெரிய அரசியல் போராட்டம் வந்தது; எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்டு லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனுக்களை நாடாளுமன்றம் மூன்று முறை தள்ளியது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பெட்டி கனமாகிறது

1851இல் பொறியியல் தொழிலாளர் ஒருங்கிணைந்த சங்கம் தொடங்கியது. எஞ்சின் செய்பவர்கள், கடைசல் வேலைக்காரர்கள், ஃபிட்டர்கள். பல வருஷம் தொழில் பழகியவர்கள், நல்ல கூலி வாங்கியவர்கள். வாரச் சந்தா ஒரு ஷில்லிங். டால்படில்காரரின் பென்னியைப் போல 12 மடங்கு! பதிலுக்கு நோய்ப்படி, வேலையில்லாக் காலப் படி, முதுமைப் படி, ஈமச் செலவு எல்லாம் உண்டு. செயலாளர் வில்லியம் ஆலன் கணக்கு வழக்கில் மகா கெட்டிக்காரர். பணத்தைச் சேர்ப்பது, வீண் வேலைநிறுத்தத்தில் கரைக்காமல் காப்பது என்பதே அவர் பாணி.

அடுத்த வருஷமே சோதனை வந்தது. கட்டாய ஓவர்டைமுக்கும், செய்த உருப்படிக்கு இவ்வளவு என்ற துண்டுக் கூலி முறைக்கும் சங்கம் மறுப்புச் சொல்ல, 1852 ஜனவரியில் முதலாளிகள் கூட்டாகக் கதவடைப்புச் செய்தார்கள். மறுபடி உள்ளே வர வேண்டுமென்றால் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: நான் எந்தச் சங்கத்திலும் இல்லை, இனியும் சேரமாட்டேன். அன்றைய தொழிலாளிகளிடையே அதற்குப் பெயரே 'பத்திரம்'தான். மூன்று மாதத்துக்கு மேல் தாங்கிவிட்டு, ஏப்ரலில் சங்கம் தோற்றது. பலர் கையெழுத்துப் போட்டார்கள். பட்டினியைக் காட்டி வாங்கிய கையெழுத்து செல்லாது என்று அவர்கள் எண்ணியதால் சங்கத்தை விட்டுப் போகவில்லை. சங்கம் பிழைத்தது, வளர்ந்தது. 1859இல் லண்டன் கட்டடத் தொழிலாளிகள் ஒன்பது மணி நேர வேலை கேட்டுப் போராடியபோது முதலாளிகள் அதே பத்திரத்தை நீட்டினார்கள். பொறியியல் சங்கம் வாரம் 1,000 பவுண்டு வீதம் மூன்று வாரம் கட்டடக்காரர்களுக்கு அனுப்பியது. அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. ஒன்பது மணி நேரம் கிடைக்கவில்லை. ஆனால் பத்திரத்தை முதலாளிகள் திரும்பப் பெற்றார்கள். இன்னும் எத்தனை வாரம் இவர்களால் நிற்க முடியும் என்று எதிர்த்தரப்பு கணக்குப் போட வேண்டிய நிலை வந்துவிட்டது.

பணம் சேர்ந்தால் அதைக் காக்கும் கவலையும் சேரும். பிராட்ஃபோர்டில் கொதிகலன் செய்வோர் சங்கத்தின் கிளைப் பொருளாளர் 24 பவுண்டைத் தராமல் வைத்துக்கொண்டார். சங்கம் வழக்குப் போட்டது. 1867இல் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு எல்லோரையும் அதிரவைத்தது: சங்கத்தின் நோக்கம் வணிகத்துக்குத் தடையாக இருப்பதால், அதன் பணத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. அதாவது சங்கப் பெட்டியை யார் தூக்கிக்கொண்டு போனாலும் கேட்க முடியாது. மறுவருஷம், 1868இல், மான்செஸ்டரில் 34 பிரதிநிதிகள் கூடி, சங்கங்களின் கூட்டமைப்பான தொழிற்சங்கக் காங்கிரஸைத் தொடங்கியதற்கு இந்த அதிர்ச்சியும் ஒரு காரணம். 1871ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் சங்கங்களை அங்கீகரித்து நிதிக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. 1875இல் அமைதியான மறியலுக்கும் அனுமதி கிடைத்தது. வேலை ஒப்பந்தத்தை மீறினால் தொழிலாளிக்குச் சிறை, முதலாளிக்கு வெறும் நஷ்டஈடு என்று அதுவரை இருந்த ஓரவஞ்சனையும் அந்த வருஷம்தான் ஒழிந்தது.

ஆனால் இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தச் சங்கங்களின் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. வாரம் ஒரு ஷில்லிங் கொடுக்க முடியாதவர்கள், தொழில் பழகாதவர்கள், பெண்கள் வெளியே நின்றார்கள். அப்படி நின்றவர்கள்தான் அதிகம்.

தீக்குச்சிப் பெண்கள்

கிழக்கு லண்டன் போ பகுதியில் பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலை. சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலை செய்தார்கள். கோடையில் காலை ஆறரைக்குத் தொடங்கி மாலை ஆறு வரை. பதினாறு வயதுப் பெண்ணுக்கு வாரம் 4 ஷில்லிங். அதிலும் பிடித்தம்: காலில் அழுக்கு இருந்தால் 3 பென்ஸ், பெஞ்சுக்கடியில் குப்பை கிடந்தால் 3 பென்ஸ், மேஜையில் நாலைந்து குச்சி விட்டுப்போனால் 3 பென்ஸ், சில பிரிவுகளில் பேசினாலே 3 பென்ஸ். வேலை செய்யும் இடத்திலேயே சாப்பிட்டதால் குச்சி மருந்தில் இருந்த வெள்ளைப் பாஸ்பரஸ் சோற்றோடு உள்ளே போனது. பல்வலியில் தொடங்கும், தாடை எலும்பு அழுகும், நாற்றம் தாங்காமல் சொந்தக்காரர்களே ஒதுங்குவார்கள், சிலர் செத்தும் போனார்கள்.

1888 ஜூனில் அன்னி பெசன்ட் இதையெல்லாம் தன் பத்திரிகையில் எழுதினார். ஆம், பின்னாளில் சென்னை அடையாறுக்கு வந்த அதே அன்னி பெசன்ட். எழுதியது பொய் என்று கையெழுத்துப் போடும்படி நிர்வாகம் பெண்களை நெருக்கியது. அவர்கள் மறுத்தார்கள். ஒரு பெண்ணை வேலையை விட்டு நீக்கியதும், ஜூலை முதல் வாரத்தில் கும்பல் கும்பலாக வெளியே வந்துவிட்டார்கள். இந்தப் போராட்டத்தை அன்னி பெசன்ட் நடத்தினார் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். அவர் எழுதினார், நிதி திரட்டினார், பேச்சுவார்த்தைக்கு உதவினார். வெளியே வரும் முடிவை எடுத்தவர்கள் அந்தப் பெண்களே. அவர்களிடம் பெட்டி எதுவும் இல்லை. ஊரார் கொடுத்த நன்கொடையைப் பெயர் எழுதி வைத்துப் பங்கிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் நிர்வாகம் இறங்கிவந்தது. அபராதம் ஒழிந்தது, சாப்பிடத் தனி இடம் தர ஒப்புக்கொண்டார்கள். அதே மாதம் பெண்கள் தங்களுக்கென்று சங்கம் தொடங்கி, சாரா சாப்மன் போன்ற தொழிலாளிகளையே குழுவில் வைத்தார்கள். வெள்ளைப் பாஸ்பரஸுக்குத் தடை வர 1910 வரை ஆனது.

இந்தப் பெண்களில் பலர் துறைமுகக் கூலிகளின் மகள்கள், மனைவிகள், தங்கைகள். மறு வருஷம் ஆண்கள் முறை. லண்டன் துறைமுகத்தில் தினமும் காலையில் கதவருகே நூற்றுக்கணக்கானோர் முண்டியடிப்பார்கள். மேஸ்திரி கை காட்டுகிறவருக்குத்தான் வேலை, அதுவும் சில மணி நேரத்துக்கு. மணிக்கு 5 பென்ஸ். அதை 6 ஆக்கு, கூப்பிட்டால் குறைந்தது நாலு மணி நேர வேலை கொடு என்று கேட்டு, 1889 ஆகஸ்ட் 14 அன்று வேலையை நிறுத்தினார்கள். பென் டில்லெட், ஜான் பர்ன்ஸ், டாம் மான் தலைமையில் தினம் ஊர்வலம். தங்கள் வீட்டுச் சாப்பாடு இதுதான் என்று காட்ட, கம்பு நுனியில் மீன் தலையையும் அழுகிய வெங்காயத்தையும் குத்தி, வங்கிகளும் வணிக மாளிகைகளும் இருக்கும் தெருக்களில் நடந்தார்கள். உள்ளே போய் வேலை செய்பவரை நாம் 'கருங்காலி' என்போம். அவர்களும் 'பிளாக்லெக்' என்று வைதார்கள், நேர்ப்பொருள் கருங்கால்.

ஆகஸ்ட் கடைசியில் கையிருப்பு வற்றியது. சாப்பாட்டுச் சீட்டுக் கொடுக்கவே பணமில்லை. அப்போது ஆஸ்திரேலியாவிலிருந்து தந்தி வழியாகப் பணம் வரத் தொடங்கியது. பிரிஸ்பேன் துறைமுகத் தொழிலாளிகள் தொடங்கிவைக்க, அங்குள்ள சங்கங்களும் பொதுமக்களும் சேர்த்து அனுப்பியது மொத்தம் 30,000 பவுண்டுக்கு மேல். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன் டால்படில் கூலிகளை விலங்கு மாட்டி எந்த மண்ணுக்கு அனுப்பினார்களோ, அதே மண். செப்டம்பர் நடுவில், ஐந்து வாரத்தில், கர்தினால் மேனிங் சமரசம் பேச, 6 பென்ஸ் கிடைத்தது. தொழில் பழகாதவர்களால் சங்கம் நடத்த முடியாது என்ற பேச்சு அத்தோடு நின்றது. 1900 வாக்கில் பிரிட்டனில் சங்க உறுப்பினர்கள் சுமார் 20 லட்சம்.

இந்தக் கதையின் ஓர் இழை நம் ஊருக்கும் வருகிறது. அன்னி பெசன்டின் சகாவான பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. முன்னின்றவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும். துணைத்தலைவர்களில் ஒருவர் திரு.வி.க. அதில் சேர்ந்த பக்கிங்காம் – கர்னாடிக் துணி ஆலைத் தொழிலாளிகளின் முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதவில்லை என்பது. 1920இல் கதவடைப்பு வந்தபோது நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், வேலைக்குப் போகாதே என்று சங்கத் தலைவர்கள் தொழிலாளிகளிடம் சொல்லக் கூடாதென்று தடை வாங்கியது, நஷ்டஈடும் கேட்டது. வாடியா தொழிற்சங்கத்தை விட்டே விலக நேர்ந்தது. பிரிட்டனில் 1871இல் கிடைத்த பாதுகாப்பு இங்கே சட்டப் புத்தகத்தில் இல்லை. சென்னையில் நடந்த அந்த வழக்குக்குப் பிறகு என்.எம். ஜோஷி போன்றவர்கள் மத்தியச் சட்டசபையில் விடாமல் கேட்டு, இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் 1926இல் நிறைவேறியது.